இருளை வேண்டும் செவ்வந்தி

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். செவ்வந்தி தன் முழு அழகுடன் மலரும் பருவம் அதுவே. நவராத்திரி தொடங்கித் திருக்கார்த்திகை வரை இல்லத்துப் பூசைக்கு இம்மலர் மிகுதியாகத் தேவைப்படுகிறது. திருவிழா நாட்களில் மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் பூ விலை ஏறும்போது, தம் கையால் வளர்த்த நான்கு பூக்களையேனும் இறைவனுக்குச் சாற்ற வேண்டும் என்று முதியோர் பலர் விரும்புவது இயல்பு.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்னும் திருநாமமும் உண்டு. சாரமா முனிவர் நந்தவனம் அமைத்துச் செவ்வந்தி வளர்த்து, நாள்தோறும் அப்பெருமானுக்குச் சாற்றி வந்தார். அம்மலர்கள் களவாடப்பட்டு மன்னனிடம் சென்றன; முனிவரின் முறையீட்டைக் கேட்ட இறைவன் கிழக்கு நோக்கியிருந்த தம் திருமுகத்தை உறையூர் இருக்கும் மேற்குத் திசைக்குத் திருப்பினார் என்பது தலபுராணம். அடியவர் வளர்த்த பூவை இறைவன் எவ்வளவு பெரிதாகக் கொள்கிறார் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

வையையின் வடகரையில், கோரிப்பாளையத்தின் நெருங்கிய தெருக்களில் நந்தவனத்திற்கு இடம் ஏது? மொட்டைமாடியே நந்தவனம், மண்தொட்டியே பாத்தி. ஆயினும் மாடியில் செவ்வந்தி வைத்தவர் பலருக்கு ஒரே மனக்குறை: செடி செழித்து வளர்கிறது, இலை கரும்பச்சையாகத் தழைக்கிறது, மொட்டு மட்டும் வருவதில்லை. எருவைக் கூட்டிப் பார்ப்பர். தண்ணீரைக் குறைத்துப் பார்ப்பர். காரணம் பெரும்பாலும் மண்ணில் இல்லை. மாடிக்கு நேரே எரியும் தெருவிளக்கில் இருக்கிறது.

செவ்வந்தி இரவின் நீளத்தைக் கணக்கிட்டு மொட்டு விடும் செடி. தாவரங்கள் பூப்பதற்கும் பகலிரவின் நீளத்திற்கும் உள்ள தொடர்பை 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான கார்னரும் அல்லார்டும், புகையிலையிலும் சோயா மொச்சையிலும் ஆராய்ந்து வெளியிட்டனர். செவ்வந்தியும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதன் பல இரகங்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழப் பத்து மணி நேரத்திற்கு மேல் இடையறாத இருள் வேண்டும். இருளை உணர்வது இலை. நள்ளிரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் அக்கணக்குக் கலைந்துவிடுகிறது. வணிகமாகப் பயிரிடுவோர் பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமானால் வயலில் இரவு விளக்கு எரியவிடுவது இதனால்தான்.

இலண்டன் போன்ற ஊர்களில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்திற்கு மேல் வேறுபாடு உண்டு. மதுரையிலோ அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். ஆண்டு முழுவதும் இங்கே இரவு போதிய அளவு நீண்டதே. எனவே இறைவன் அளித்த இரவைக் கெடுக்காமல் விட்டாலே போதும்.

வளர்ப்பு முறை எளியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இரகங்களுள் கோ 1, எம்.டி.யு. 1 ஆகியவை மஞ்சள் நிறத்தவை. கோ 2 ஊதா நிறம். ஆனி, ஆடி மாதங்களில் வேர்விட்ட பக்கக் கன்றுகளை நட வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்ப வேண்டும். நட்ட நான்காம் வாரம் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். கிளைதோறும் பூ வரும். ஆவணி பிறந்த பின் கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அசுவினி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

ஆவணியிலிருந்து தொட்டியைத் தெருவிளக்கின் ஒளி எட்டாத சுவரோரம் நகர்த்தி வைக்க வேண்டும். பகலில் காலை வெயில் அவசியம். கனத்த தொட்டியைத் தூக்கி முதுகை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. நகர்த்த இயலாதவர் செடியைச் சுற்றி நான்கு குச்சிகள் நட்டு, பொழுது சாய்ந்ததும் தடித்த கருந்துணியால் மூடி, விடிந்ததும் எடுத்துவிடலாம். மொட்டில் நிறம் தெரியும் வரை நாள் தவறாமல் இதைச் செய்ய வேண்டும். மாடி விளக்கை இரவு முழுவதும் எரியவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். கார்த்திகையில் அந்திப் பொழுதில் சற்று நேரம் சுடரும் அகல் விளக்கால் செடிக்குக் கேடு இல்லை, அச்சம் வேண்டா.

நட்ட மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். ஐப்பசி அடைமழையில் மலர்ந்த பூ நனைந்து அழுகாதிருக்கத் தொட்டியைத் தாழ்வாரத்து ஓரம் வைப்பது நலம். நீராடிய பின் காலையிலேயே கொய்து, பூச்சி அரிக்காத மலர்களைப் பூசைக்கு எடுக்க வேண்டும். பூத்து ஓய்ந்ததும் செடியைத் தரையை ஒட்டி வெட்டி அளவாக நீர் விட்டுவந்தால், அடியிலிருந்து புதிய கன்றுகள் கிளம்பும். கோடையில் அவற்றுக்குப் பிற்பகல் நிழல் தேவை. அடுத்த ஆனியில் அவற்றைப் பிரித்து நட்டு, மிகுந்தவற்றை அண்டை வீட்டாருக்கும் அருகிலுள்ள ஆலய நந்தவனத்திற்கும் கொடுக்கலாம்.