தோல் யாருடையது? மயிரைக் கேளுங்கள்

சூலூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டுப் பரணில் சாயம் போன தோல் ஒன்று கிடைத்தால், நிறத்தையும் புள்ளியையும் பார்த்து மான், புலி என்று முடிவு கட்டுவது தவறு. மாட்டுத்தோலில் பட்டை தீட்டிப் புலித்தோல் என்று விற்பவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, வைத்திருப்பது சட்டபூர்வமானது என்று நிரூபிக்கும் சுமையை வைத்திருப்பவர் தலையிலேயே ஏற்றுகிறது. அப்படியிருக்க, அது எந்த விலங்கின் தோல் என்பதை ஊகத்துக்கு விடலாமா?

மயிரை நுண்ணோக்கியில் வைத்தால் விடை தெரியத் தொடங்கும். மானின் முரட்டு மயிரில் நடு அகணி தேன்கூட்டு அறைகளாய் ஏறக்குறைய முழு அகலத்தையும் அடைத்திருக்கும், அதைச் சூழ்ந்த புறணி மெல்லிய விளிம்புதான்; வளைத்தால் மடிந்து முறியும். மாட்டு மயிரில் அகணி ஒடுங்கிப் புறணி தடிக்கும். தீட்டிய சாயமோ மேற்செதில்களில் படிந்து நிற்கும், இயற்கை நிறமி உள்ளே இருக்கும். மரபணுச் சோதனை இருக்க இது எதற்கு என்பார்கள். பதனிட்ட பழந்தோலில் மரபணு சிதைந்திருக்கலாம். முடிவு வரவும் நாளாகும். நெருங்கிய இனங்களை மயிரால் மட்டும் பிரிக்க முடியாது என்பது உண்மைதான். அங்கே மரபணுவே பேசட்டும். ஆனால் மாடா மானா என்ற முதல் கேள்விக்கு நுண்ணோக்கியே போதும். 1956 முதல் சிட்ரா என்னும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இழைகளை ஆராய்ந்துவரும் கோவையில், பயிற்சி பெற்ற கண்களுக்குப் பஞ்சமில்லை. வனத்துறை அந்த வல்லுநர்களை அழைக்க வேண்டும்.