மூலையில் நிற்பவனையும் பாருங்கள்!

கபடி என்றாலே நமக்கு ரைடர்தான். பாடிப் போய்த் தொட்டு வருகிறவனுக்குத்தான் விசில், அவனுக்குத்தான் பரிசு. கார்னரில் நின்று காலைப் பிடிக்கிறவனை யார் நினைக்கிறார்கள்?

1990 பெய்ஜிங் முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டிலும் தங்கம் நமக்கே. 2018-ல் ஜகார்த்தா அரையிறுதியில் ஈரான் 27-18 என்று நம்மை மடக்கியது. பேர்போன ரைடர்கள் இருந்தும் 18 புள்ளிதான்! பிடிக்கத் தெரிந்தவன்தான் ஜெயித்தான். ஹாங்சோவில் 2023-ல்தான் தங்கத்தை மீட்டோம்.

கார்னர் ஒரே நாளில் உருவாவதில்லை. நம் தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் 2016-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அத்தனை வருஷ அனுபவம்!

கொமரலிங்கத்தில் நானும் லெஃப்ட் கார்னர்தான். அப்பா தோப்பில் கூலி வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். போன வருஷம் ஒரு செலக்‌ஷனில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். ரைடர் என் பக்கமே வரவில்லை. லிஸ்டில் பேரும் வரவில்லை. அவன் பயந்து வராததும் என் திறமைதானே? என் ஜோடி ரைட் கார்னர், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறான்.

என் கருத்து இதுதான். கார்னருக்குத் தனியாக இருபது ரெய்டாவது வைத்துப் பாருங்கள். தேறிய ஜோடியைப் பிரிக்காமல் மூன்று வருஷம் பழக்குங்கள். இதை நம் காலேஜ் டீமிலேயே ஆரம்பிக்கலாம்.

மெஷின் ஓடுவதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஃபவுண்டேஷன் போல்ட்டை ஃபிட்டராவது பார்க்க வேண்டாமா?