பூனையை விரட்டினால் தெள்ளு போகுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பூனை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். இல்லாதவர்கள், பூனை வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

மழை தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். "டீச்சர், பூனை மேல் ஒரே தெள்ளு. பிள்ளைகளுக்குக் காலெல்லாம் தடிப்பு. என்ன போடலாம்?" என்று ஒருத்தி கேட்கிறாள். "மைனி, பேசாமல் சாக்கில் கட்டிக் கடற்கரைப் பக்கம் கொண்டு விட்டுவிடட்டுமா?" என்று இன்னொருத்தி. இந்த இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது.

நான் கால்நடை டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் எங்கள் வீட்டில் பூனை இல்லாத வருசம் எனக்கு நினைவில்லை. வட்டக்கோட்டையைச் சுற்றி இருக்கும் ஊர்களில் மீன் இருக்கிறது, மீன் இருக்கும் இடத்தில் பூனை இருக்கத்தானே செய்யும்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூனையை விரட்டினால் தெள்ளு போகாது. இது இரக்கப்பட்டுச் சொல்வதல்ல, கணக்கு. பூனையின் உடம்பில் நம் கண்ணுக்குத் தெரியும் தெள்ளு, மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்று பூச்சியியல் படித்தவர்கள் சொல்வது வழக்கம். மீதி தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள்தான் கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில், பாய்ச் சுருளில், படிப்புரையின் மூலையில், அரிசிப் பானைக்குப் பின்னால். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது முட்டை வரைக்கும் இடும். முட்டை பூனையின் முடியில் ஒட்டி நிற்காது, பூனை போகும் இடமெல்லாம் உப்புத்தூள் மாதிரி உதிரும். சில நாளில் பொரிந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்கில் ஒளிந்துகொண்டு, பெரிய தெள்ளுகள் கழித்துப் போட்ட காய்ந்த இரத்தத்தைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும்.

அந்தக் கூட்டுக்குள் இருப்பதுதான் பெரிய கள்ளன். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால்தான் வெளியே துள்ளும். ஊருக்குப் போய் மாதம் கழித்துத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தவர்கள் கால் முழுக்கக் கடி வாங்குவது இதனால்தான். இப்போது யோசியுங்கள். பூனையைக் கொண்டு விட்டுவிட்டீர்கள். கூட்டை உடைத்துக்கொண்டு பசியோடு வரும் தெள்ளு யாரைக் கடிக்கும்? தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உங்கள் பிள்ளையைத்தான்.

பூனையைக் கொண்டு விடுவது சட்டப்படியும் தப்பு. பட்டினி கிடந்து துன்பப்படும் என்று தெரிந்தே, தகுந்த காரணமில்லாமல் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். நம் ஊரில் இதற்காக யாரையும் பிடித்துப் போகவில்லை என்பதால் அது சரியென்று ஆகிவிடாது.

நம் மாவட்டத்தில் இந்தத் தொல்லை ஏன் ஓயவில்லை என்று கேட்பீர்கள். ஈரப்பதம்தான் காரணம். காற்று நன்றாக உலர்ந்தால் தெள்ளுப்புழு செத்துப்போகும். நமக்கோ இடவத்தில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, மற்ற நாளெல்லாம் கடல்காற்று. ஜாடியில் வைத்த உப்பே இங்கே கசிந்து போகிறது! "உப்பைத் தூவி வையுங்கள், தெள்ளு வறண்டு சாகும்" என்று வாட்ஸப்பில் வருவது வேறு எந்த ஊருக்கோ எழுதினது. கடலோரத்தில் உப்பைத் தூவினால் தரை நசநசக்கும், அவ்வளவுதான்.

வாட்ஸப் வைத்தியத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதை முடித்துவிடுகிறேன். போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி அழுதுகொண்டே பேசினாள். மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து பூனையைத் துடைத்திருக்கிறாள். கடைக்காரரும் "எல்லாப் பூச்சிக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பூனைக்கு வாயில் நுரை, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுப்பு. விடியும்முன் முடிந்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை அவள், வகுப்பில் முதல் பெஞ்சு. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பாட்டிலில் "பூனைக்கு ஆகாது" என்று தமிழில் பெரிய எழுத்தில் போட யாருக்கும் தோன்றவில்லை. மருந்து விற்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

பூனையின் கல்லீரல் நம்முடையது மாதிரி இல்லை மக்களே. சில நஞ்சுகளை உடைத்து வெளியேற்றும் வேலை நாய்க்கும் நமக்கும் நடப்பது போலப் பூனைக்கு நடக்காது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். அதே கதைதான் நாய்க்கும் மாட்டுக்கும் போடும் பூச்சிமருந்துக்கும். வாய்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மருந்தின் பெயர் "மெத்ரின்" என்று முடிந்தால் பூனையின் பக்கமே கொண்டு போகக் கூடாது. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் அந்தக் குடும்பம். (பூனைக்கென்றே தயாரித்த சில கழுத்துப்பட்டிகளில் ஃபுளுமெத்ரின் இருக்கும். அது ஒரு விதிவிலக்கு. அதையும் டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.) நாய் உண்ணிக்குப் போடும் அமிட்ராஸும் ஆகாது. தெரியாமல் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

"அப்போ இயற்கை வைத்தியம் டீச்சர்?" என்று கேட்பீர்கள். இயற்கை என்றால் தீங்கில்லை என்று யார் சொன்னது? அரளி இயற்கைதான். சூடம், யூக்கலிப்டஸ் தைலம், பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய், தரை துடைக்கும் பினாயில், எதுவும் பூனையின் தோலில் படக் கூடாது. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. முதுகில் பூசியது எல்லாம் வயிற்றுக்குப் போகும். வேப்பெண்ணெயும் அப்படித்தான், கெட்டியாகப் பூசி எச்சில் வடிந்து நடுக்கம் கண்ட பூனைகள் உண்டு. பூண்டு தின்னக் கொடுத்தால் பூனைக்கு இரத்தம் கெடும். எங்கள் அம்மா காலத்தில் கெமாக்சின் பவுடரைத் தொழுவத்திலும் கோழிக்கூட்டிலும் அள்ளித் தூவுவார்கள். அந்தப் பி.எச்.சி. மருந்தை 1997-இல் அரசாங்கமே தடை செய்துவிட்டது. "அந்தக் காலத்தில் போட்டோமே" என்ற பேச்சை இந்த விசயத்தில் நான் ஏற்பதில்லை.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். செலவு குறைவு, ஆனால் உடம்பு வளையணும்.

ஒரு பேன்சீப்பு. பல் நெருக்கமாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. பூனை சாப்பிட்டு மயங்கிக் கிடக்கும் நேரம் பார்த்து மடியில் வைத்து கழுத்து, தாடை, வால் அடி, வயிறு என்று சீவுங்கள். சீப்பில் வருவதை உடனே கிண்ணத்தில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்புத் தண்ணீரில் முங்கிச் சாகும். நகத்தால் நசுக்காதீர்கள். சீப்பில் கறுப்புப் பொடி வந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண்ணல்ல, தெள்ளு கழித்த இரத்தம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே விடுங்கள், போனைக் கீழே வைக்க ஒரு வழி. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு இந்தச் சீப்பைத் தவிர வேறு எதையும் நீங்களாகப் போடாதீர்கள். ஆனால் அலட்சியமாகவும் விட்டுவிடாதீர்கள். தெள்ளு அதிகமானால் குட்டி இரத்தம் வற்றிச் செத்துப்போகும். ஈறைத் தூக்கிப் பாருங்கள், ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்தது வீடு. நான் சொன்ன அந்தத் தொண்ணூற்றைந்து பங்கு. பூனை படுக்கும் இடத்தை ஒன்றாகக் குறைத்து, அங்கே ஒரு பழைய துண்டை விரியுங்கள். வாரம் ஒருமுறை அந்தத் துண்டையும், பூனை ஏறும் போர்வை தலையணை உறையையும் கை பொறுக்காத வெந்நீரில் முக்கித் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். பாயை விரித்து வெயில் காட்டுங்கள். நாள்தோறும் வாரியலை மூலைக்கும் இடுக்குக்கும் கட்டிலுக்கு அடிக்கும் கொண்டு போங்கள். நடுவீட்டைப் பளபளவென்று பெருக்கி என்ன பயன்? தெள்ளுப்புழு நடுவீட்டில் இருக்காது. வாரின தூசியை முற்றத்தில் கொட்டாமல் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். கம்பளம் விரித்த வெளிநாட்டு வீடுகளுக்கு மின்சாரத் துடைப்பான் வேண்டும். நம் சிமென்ட் தரைக்கும் டைல்ஸுக்கும் வாரியலும் ஈரத்துணியும் போதும். இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

ராத்திரி விளக்குக்குக் கீழே தரையில் அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். விடிந்ததும் எத்தனை தெள்ளு விழுந்திருக்கிறது என்று எண்ணி எழுதி வைக்கலாம். அதனால் தெள்ளு ஒழியாது, குறைகிறதா இல்லையா என்பது தெரியும்.

மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொல்லை அதிகமானால் சீப்பு மட்டும் தாங்காது. பூனைக்கென்று ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வருகிறது. பிடரியில், நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். முன்பின் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. பூனையை எடை போட்டு, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். முக்கியமானது, வீட்டில் இருக்கும் எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் போட வேண்டும், டாக்டர் சொன்ன இடைவெளியில் மூன்று மாதமாவது தொடர வேண்டும். நம்மவர்கள் ஒரு தடவை போட்டுவிட்டு, பத்து நாளில் மறுபடி தெள்ளைப் பார்த்ததும் "மருந்து டூப்பு" என்கிறார்கள். மருந்து டூப்பு இல்லை, கூட்டுக்குள் இருந்தவை இப்போதுதான் வெளியே வருகின்றன. பவுடர், தைலம், சென்ட், நாய் ஷாம்பு என்று ஐந்து பொருளுக்குப் போட்ட காசை ஒரு சரியான மருந்துக்குப் போட்டால் அதுதான் சிக்கனம்.

தேவையில்லாத காலத்தில் போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் இருபது ஆறுகளின் தண்ணீரைச் சோதித்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. மாதிரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் இந்த ஃபிப்ரோனில் இருந்தது. செல்லப்பிராணிகளின் மருந்து கழுவிப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நம் குளத்து மீனையும் நண்டையும் நாம்தான் நினைக்க வேண்டும்.

பயந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "தெள்ளு கடித்தால் பிளேக் வரும்" என்று ஒருத்தர் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். பிளேக்கைத் தெள்ளு பரப்புகிறது என்பது 1898-இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டு சொன்னது. ஆனால் அதில் முக்கியக் குற்றவாளி எலித்தெள்ளு, அது வேறு இனம். பூனைத்தெள்ளால் நம் வீட்டில் வரக்கூடியது அரிப்பு, சொறி, பிறகு நாடாப்புழு. பூனையின் ஆசனவாய்ப் பக்கம் அரிசிமணி மாதிரி நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்கித்தான் பூனைக்கு வருகிறது, தவழும் குழந்தை தவறி விழுங்கினால் அதற்கும் வரலாம். பூனைக்குப் பூச்சி மருந்து கொடுக்கும்போது இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அரசு கால்நடை மருந்தகங்களுக்கு என் சார்பாக ஒரு வேண்டுகோள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து வைத்திருக்கிறீர்கள், நல்லது. பூனைக்கான சொட்டு மருந்தும் நாலு குழாய் வைத்திருந்தால் கூலி வேலை செய்கிறவளும் மீன் விற்கிறவளும் தைரியமாக வந்து வாங்குவார்கள். "பூனைக்கெல்லாம் இங்கே மருந்து இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அவர்கள் நேராகப் போவது மாட்டு மருந்து இருக்கும் அலமாரிக்குத்தான். என் மாணவர்களில் இரண்டு மூன்று பேர் அந்தத் துறையில் இருக்கிறீர்கள். படித்துவிட்டு லைக் மட்டும் போட்டுப் போகாதீர்கள், மேலே எழுதிக் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கேட்கும்போது பூனையின் வயது, எடை, வீட்டில் மொத்தம் எத்தனை பூனை, இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பேன்சீப்பு வாங்க மறந்தவர்கள் நாளைக்குச் சந்தைக்குப் போகும்போது வாங்கிவிடுங்கள்.