சிறுபடகின் மடியும் பருவமழை என்னும் சாக்கும்

கடலடியை வருடிக்கொண்டு இழுபடும் பை வடிவ வலையாகிய இழுவை மடி, பாக்கு நீரிணையைக் கடந்து வரும் பெரும்படகுகளின் கொடுமை மட்டுமே என்பதும், சிறுபடகில் இழுக்கும் இறால் மடி கடலுக்குக் கேடு செய்யாது என்பதும், அதில் வேண்டாத மீன் மிகுதியாக விழுந்தால் அது மழையும் காற்றும் செய்த வேலை என்பதும் வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை கொழும்புத் தமிழரிடையே பரவலாக நிலவும் எண்ணங்களாகும். இவற்றுள் முதலாவது பாதி உண்மை; இரண்டாவது தவறு; மூன்றாவதோ, சரியான ஓர் அவதானிப்பிலிருந்து தலைகீழான முடிவுக்கு வருகிறது.

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரத்தை ஒட்டிக் களனி கங்கை கடலோடு கலக்கிறது. அதற்கப்பால் ஹேந்தளையில் இயந்திரம் பூட்டிய சிறுபடகுகளும், நீர்கொழும்பில் பாய்விரித்த ஓடங்களும் இறால் மடி இழுத்து வந்தமை கடற்றொழில் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஆகவே, இழுவை மடியை அயலவரின் தொழிலாக மட்டும் காண்பதற்கு வரலாறு இடந்தரவில்லை. இலங்கைக் கடற்பரப்பில் அடித்தள இழுவையைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் உள்நாட்டு மடிக்கு விலக்களிக்கும் நோக்கில் பிறந்ததன்று.

மடியின் கேட்டைத் தீர்மானிப்பவை வலைக்கண்ணின் அளவு, இழுக்கும் இடம், இழுக்கும் காலம் ஆகிய மூன்றுமேயன்றிப் படகின் நீளம் அன்று. இறால் சிறியதாதலால் வலைக்கண்ணும் சிறியதாக இருந்தாக வேண்டும். இழுவிசையில் வலையின் சாய்சதுரக் கண்கள் நீண்டு ஒடுங்குவதால், இறாலின் அளவேயான காரல், சாவாளை, நெத்தலி, நண்டு ஆகியவற்றின் குஞ்சுகளும் மடியின் கடைப்பையில் சிக்கி நசுங்குகின்றன. நாடிச் சென்ற இனத்தோடு சேர்ந்து வந்து விழும் இவ்வுயிர்களே துணைப்பிடிப்பு எனப்படுகின்றன. ஆழ்கடலுக்குச் செல்ல இயலாத சிறுபடகு, மீன் குஞ்சுகள் வளரும் கரையோர ஆழங்குறைந்த நீரிலேயே மடியை இழுக்கிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

சிறுபடகின் சார்பில் பேசுவோருக்குக் கிடைக்கும் வலுவான சான்று, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையாகும். உலகில் பிடிபடும் மீனில் ஏறத்தாழ 8 சதவீதம் கடலில் எறியப்படுகையில், சிறுதொழில் மீன்பிடியில் அவ்வீதம் 3.7 மட்டுமே என அது கணித்தது. ஆயினும் அந்த எண் எறியப்பட்டதை அளக்கிறதே தவிர, பிடிபட்டதை அளக்கவில்லை. சிறுதொழிலில் குஞ்சு மீனும் கரைக்கு வந்து கருவாடாகவோ கோழித்தீனாகவோ விலைபோவதால், கழிவு குறைகிறது; அழிவு குறைவதில்லை. ஓராண்டு வளர்ந்திருந்தால் கறிக்கு உதவும் மீனாகியிருக்கக் கூடியது, தீவன விலைக்குப் போவதைச் சிக்கனம் என்று போற்றுவது கணக்கறியாதவர் பேச்சாகும். அதே அறிக்கை, எறியப்படும் மொத்த மீனில் 27 சதவீதத்துக்கு மேற்பட்டது வெப்பமண்டல இறால் இழுவையிலிருந்து மட்டுமே வருகிறது என்று கூறுவதை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை.

இனி, பருவமழையைப் பழிக்கும் வாதத்துக்கு வரலாம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குடம்பிகள் சில வாரங்களில் களப்புக்கும் ஆற்றுமுகத்துக்கும் வந்து, கண்டல் வேர்களிடையே சில மாதங்கள் வளர்ந்து, மழைவெள்ளம் களப்பு நீரின் உப்பைக் குறைக்கும்போது கடலுக்கு வெளியேறுகின்றன. அதே வெள்ளத்தோடு களப்பில் வளர்ந்த மீன் குஞ்சுகளும் வெளியேறுகின்றன. எனவே மடியில் விழும் உயிர்களின் வகையும் அளவும் மழையோடு மாறுகின்றன என்பது உண்மையே. ஆனால் கொழும்பின் மழை கண்டபடி பெய்வதில்லை. அது மே மாதத்தை ஒட்டியும் ஒக்டோபரை ஒட்டியும் இருமுறை உச்சமடைகிறது. எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழமையை மீறி வெப்பமடையும் ஆண்டுகளில், இலங்கையின் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை மிகும் போக்கும் அறியப்பட்டதே. அவ்வெப்பமாற்றம் பல மாதங்களுக்கு முன்பே கண்காணிப்பில் தெரிந்துவிடுகிறது. காலநிலையால் வரும் துணைப்பிடிப்பு முன்கூட்டியே கணிக்கத்தக்கது என்றால், அது தவிர்க்கத்தக்கதும் ஆகும்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் கொந்தளிக்கும் கடலே படகுகளைக் கரையில் நிறுத்திவிடுவதால் தனித்தடை தேவையில்லை என்பாரும் உளர். அது மே மாதத்து உச்சத்துக்கே ஓரளவு பொருந்தும். ஒக்டோபர் மழையின்போது காற்று பொதுவாக மெலிந்திருக்க, குஞ்சுகள் கடலில் இறங்கும் அதே நாட்களில் படகுகளும் இறங்குகின்றன. தமிழ்நாடு தன் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகளைத் தடுத்து, மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணமும் வழங்குகிறது. இழுவையை முற்றாகவே தடைசெய்துள்ள இலங்கையில், சிறுபடகுக்கு மட்டும் இரக்கம் காட்டக் கோருவோர், குறைந்தபட்சம் மழைக்காலத்தில் அத்தகைய ஓய்வையும், கண்கள் ஒடுங்காத சதுரக்கண் கடைப்பையையும், தொழில் நிற்கும் நாட்களுக்கான நிவாரணத்தையும் சேர்த்தே கோர வேண்டும். இவற்றுள் எதையும் கேளாமல் மழையின்மேல் பழியைப் போடுவது, சிறுபடகுக்காரருக்கும் செய்யும் துரோகமே. களப்பிலிருந்து இறங்கும் குஞ்சுகளை இழந்த கடலில் முதலில் வெறும் மடியோடு கரை திரும்புபவர், ஆழ்கடலுக்குப் போக வழியற்ற அவரே.