மினுமினுப்பும் வலிமையும்

கார் பிரியர்கள் பலருக்கு கார்பன் ஃபைபர் பானெட் என்றால் கறுப்புப் பாய் முடைந்ததுபோல மினுங்கும் நெசவுதான். கோடு சற்றுக் கோணலானாலோ, ஊசிமுனைத் துளை தெரிந்தாலோ முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இந்தக் குறைகள் பெரும்பாலும் அழகை மட்டுமே கெடுப்பவை.

1981-ல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சனின் மெக்லாரன் கார் மோதியதில் இன்ஜினே பிய்ந்து போனது. கார்பன் ஃபைபர் கூட்டுக்குள் இருந்த அவர் காயமின்றித் தப்பினார். காப்பாற்றியது பளபளப்பு அல்ல. இழைகளை விசை வரும் திசை பார்த்து அடுக்கி, ரெசினை அளவோடு சேர்த்து, காற்றுக் குமிழ் தங்காமல் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைப்பதில்தான் இந்தப் பொருளின் பலம் இருக்கிறது.

2013 முதல் 2022 வரை தயாரான பிஎம்டபிள்யூ ஐ3 காரிலும் பயணிகள் கூடு கார்பன் ஃபைபர்தான். அதன் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்தே கிடக்கிறது. கடையில் விற்கும் சில பாகங்களோ நேர்மாறு: ஃபைபர் கிளாஸின் மேல் ஒரே ஒரு கார்பன் அடுக்கு, அதற்கு மேல் கனத்த வார்னிஷ். எடை அவ்வளவாகக் குறைவதில்லை. விலை மட்டும் ஏறுகிறது. பூட்டு பொருந்தும் இடத்தில் வலுவூட்டாத பானெட், வேகமாகப் போகும்போது திறந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

வாங்குமுன் எடை போட்டுப் பார்ப்பதும், பாகத்தைத் திருப்பி அடிப்புறத்தைக் கவனிப்பதும் நல்லது.