மலிவு விலையின் சுமை யார் தோளில்? பெரும் அங்காடிகளும் சட்டத்தின் இடைவெளியும்

புது தில்லி: பருப்பு, எண்ணெய், சோப்பு என எதை எடுத்தாலும் அச்சிட்ட விலையைவிடக் குறைவு என்பதே பெரும் தள்ளுபடி அங்காடிகளின் ஈர்ப்பு. விலைவாசி உயர்வால் திணறும் குடும்பங்களுக்கு அந்தச் சேமிப்பு உண்மையானது. ஆனால், குறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது நிர்வாகத் திறனிலிருந்து வருகிறதா, பொருள் வழங்குவோரின் லாபத்தையும் ஊழியர்களின் ஊதியத்தையும் குறைப்பதிலிருந்து வருகிறதா என்பதே கேள்வி. இந்தியாவில் நடந்த விவாதம் இந்தக் கேள்விக்குள் நுழையாமல், முதலீடு உள்நாட்டினுடையதா, வெளிநாட்டினுடையதா என்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது.

2012-ஆம் ஆண்டின் விவாதம்

பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு 2012 செப்டம்பரில் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு அனுமதி அளித்தது. இதை எதிர்த்து திரிணமூல் காங்கிரஸ் கூட்டணியிலிருந்து வெளியேறியது. டிசம்பரில் மக்களவையில் நடந்த வாக்கெடுப்பில் 253-218 என்ற கணக்கில் அரசின் முடிவு நிலைபெற்றது. குறைந்தபட்சம் 10 கோடி டாலர் முதலீடு, உற்பத்திப் பொருள்களின் கொள்முதலில் 30 சதவீதத்தைச் சிறு தொழில் நிறுவனங்களிடம் பெறுதல் ஆகியவை நிபந்தனைகள். கடை திறக்க அனுமதிப்பது மாநில அரசுகளிடம் விடப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்கள் அனுமதிக்க மறுத்தன.

இந்த நிபந்தனைகள் அந்நிய முதலீட்டை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. இதனிடையே உள்நாட்டு நிறுவனங்கள் வேகமாக வளர்ந்தன. 2002-இல் மும்பையின் பொவாய் பகுதியில் முதல் கடையைத் திறந்த டிமார்ட் இன்று நாட்டின் முன்னணி அங்காடித் தொடர்களில் ஒன்று. மெட்ரோ நிறுவனத்தின் இந்திய மொத்த வணிகத்தை ரூ.2,850 கோடிக்கு வாங்குவதாக ரிலையன்ஸ் 2022 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவின் வால்மார்ட், 2018-இல் ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை 1,600 கோடி டாலருக்கு வாங்கி, இணைய வணிகத்தின் வழியாக வந்தது. பொருள் வழங்கும் சிறு உற்பத்தியாளருக்கு எதிரில் அமர்ந்திருப்பவரின் நாடு எது என்பதைவிட, அவரது பேரம் பேசும் வலிமையே முக்கியம்.

அமெரிக்க அனுபவம்

அந்த வலிமை என்ன செய்யும் என்பதற்கு, 1962-இல் ஆர்கன்சா மாநிலத்தில் தொடங்கிய வால்மார்ட் நீண்டகால எடுத்துக்காட்டு. பெரிய கொள்ளளவுள்ள வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியை அந்நிறுவனம் 2.97 டாலருக்கு விற்றது. விற்பனை பெருகியது. ஆனால், தயாரிப்பாளரான விளாசிக் நிறுவனத்துக்கு ஒரு ஜாடியில் கிடைத்தது ஓரிரு சென்ட் மட்டுமே. கூடுதல் லாபம் தந்த சிறிய ஜாடிகளின் விற்பனையும் சரிந்தது. 2001-இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதற்குக் கடன் சுமை போன்ற வேறு காரணங்களும் உண்டு. எனினும், ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பவரால் மறுத்துப் பேச முடியாது என்பதை அந்த ஜாடி காட்டியது.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஒரு வட்டாரத்தில் வால்மார்ட் கடை திறக்கும் ஆண்டில் சுமார் 100 சில்லறை வணிக வேலைகள் கூடுகின்றன, ஐந்து ஆண்டுகளுக்குள் அவற்றில் பாதி மறைகின்றன என்று எமெக் பாஸ்கர் 2005-இல் கணித்தார். வால்மார்ட்டின் ஒவ்வோர் ஊழியருக்கும் ஈடாகச் சுமார் 1.4 சில்லறை வணிக ஊழியர்கள் வேலை இழக்கின்றனர் என்பது டேவிட் நியூமார்க் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட முடிவு. சில மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்த அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், அரசின் உணவு உதவியையும் மருத்துவ உதவியையும் பெறும் ஊழியர்களை அதிகம் கொண்ட நிறுவனங்களில் ஒன்றாக வால்மார்ட்டை 2020-இல் சுட்டிக்காட்டியது. ஊதியச் செலவின் ஒரு பகுதியை வரி செலுத்துவோர் ஏற்கிறார்கள் என்பதே இதன் பொருள். அந்நிறுவனம் 2015 முதல் தொடக்க ஊதியத்தைப் படிப்படியாக உயர்த்தியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

நடுவில் சிக்கும் விநியோகஸ்தர்கள்

இந்தியாவில் தொழிற்சாலைக்கும் தெருக்கோடி மளிகைக் கடைக்கும் இடையே விநியோகஸ்தர்கள் உள்ளனர். தங்களுக்கு 8 முதல் 12 சதவீத லாபம் மட்டுமே தரும் நுகர்பொருள் நிறுவனங்கள், பெரும் மொத்த வணிக நிறுவனங்களுக்கும் இணையத் தளங்களுக்கும் 15 முதல் 20 சதவீதம் வரை தருவதாக அவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2021 இறுதியில் போராட்டக் குரல் எழுப்பியது. கடைக்காரர் கைபேசிச் செயலியில் குறைந்த விலைக்கு வாங்கத் தொடங்கினால், அவருக்கு அது லாபமே. ஆனால், விநியோகஸ்தரிடம் வேலை செய்யும் விற்பனைப் பிரதிநிதி, வேன் ஓட்டுநர், கிடங்குத் தொழிலாளி ஆகியோரின் வாழ்வாதாரம் ஆட்டம் காண்கிறது.

சட்டம் எட்டாத இடங்கள்

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஆனால், 2021 ஜூலையில் இந்த வரையறைக்குள் சேர்க்கப்பட்ட மொத்த, சில்லறை வணிகர்களுக்கு முன்னுரிமைக் கடன் சலுகை மட்டுமே உண்டு. 45 நாள் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு உள்ள உற்பத்தியாளரும், அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்தால் புகார் தரத் தயங்குவார்.

போட்டிச் சட்டமும் முழுமையாக உதவாது. கொல்லும் விலைக்குறைப்பை 2002-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தாலும், சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனத்தின் மீதே அதற்காக நடவடிக்கை எடுக்க முடியும். இலட்சக்கணக்கான சிறு கடைகள் உள்ள நாட்டில் அதை மெய்ப்பிப்பது கடினம். ஆனால், சந்தையில் சிறு பங்கே உள்ள அங்காடித் தொடரும் ஒரு சிறு உற்பத்தியாளரின் பெரும் வாடிக்கையாளராக இருக்கலாம்.

தொழிலாளர் நிலையிலும் இதே நிலைமை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கின. இணைய வணிகத் தளங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைக் கிக் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்கு வழங்க வேண்டும் என்றும் விதித்தன. அதே வேளையில், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தப்பட்டது. சிறு ஒப்பந்ததாரர்கள் வழியாக அமர்த்தப்படும் அங்காடி ஊழியர்கள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கக்கூடும்.

வழி என்ன?

பிரிட்டனில் பெரும் பல்பொருள் அங்காடிகளுக்கான கொள்முதல் நடத்தை விதிகள் 2010 முதல் உள்ளன. அவற்றைக் கண்காணிக்க 2013-இல் தனி நடுவர் நியமிக்கப்பட்டார். பொருள் வழங்குவோர் பெயரை வெளியிடாமல் அவரிடம் முறையிடலாம். டெஸ்கோ நிறுவனம் பணம் தருவதை வேண்டுமென்றே தாமதித்ததாக 2016-இல் அவர் கண்டறிந்தார். அந்த விதிகள் உரிமையாளரின் நாட்டைப் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் அளவையே பார்க்கின்றன.

மலிவு விலையைத் தடுப்பது தீர்வாகாது. பொருள் வழங்குவோருக்கு விரைந்து பணம் தந்து, அதற்கு ஈடாகத் தள்ளுபடி பெறும் டிமார்ட்டின் வழிமுறை, யாரையும் காக்க வைக்காமலே விலையைக் குறைக்கலாம் என்பதைக் காட்டுகிறது. 45 நாள் விதியை விநியோகஸ்தர்களுக்கும் விரிவாக்குவது, அச்சமின்றி முறையிட ஓர் அமைப்பை உருவாக்குவது, சிறு ஒப்பந்ததாரர்களின் ஊழியர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவருவது ஆகியவை மத்திய அரசின் முன்னுள்ள பணிகள். அவை நிறைவேறும்வரை, அங்காடியின் விலைச்சீட்டில் குறையும் தொகையில் ஒரு பங்கு, பேரம் பேச வலிமையற்றவர்களின் கணக்கிலேயே எழுதப்படும்.