அச்சுக் கட்டை

கள்ளக்குறிச்சி என்றவுடன் மரச்சிற்பத்தை நினைப்பது இப்பொழுது வழக்கமாயிற்று. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்த தனி மாவட்டத்திற்குத் தலைநகராகிய இவ்வூர், 2021-ஆம் ஆண்டில் தன் மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் பெற்றது. அதுமுதல் இவ்வூர்ப் பிள்ளையாரும் நடராசரும் பல கண்காட்சிகளில் வீற்றிருக்கின்றனர். இஃது எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும், அச்சிலைகளைச் செய்யும் உளியைப்போன்ற உளியே செய்யும் மற்றொரு பொருளைக் குறித்து எவரும் பேச யாம் கேட்டதில்லை. அஃது அடுக்களை மூலையிற் கிடக்கும் அச்சு. அச்சுப் பட்டறை ஒன்றிலே பிறந்து வளர்ந்தவர்கள் ஆதலின், அதனைப்பற்றிச் சில கூறி, எம் வீட்டில் நிகழும் வழக்கொன்றையும் இம்மலர் படிப்போர் முன் வைக்க விரும்புகின்றோம்.

எம் பட்டறை ஓட்டுத் தாழ்வாரம் ஒன்றே. பெரிய தந்தையாரே தலைமைத் தச்சர். வாகையும் பூவரசும் தேக்கும் சுவரிற் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கும். வேம்பு சிலைக்கு ஆகும். இனிப்பு அச்சுக்கு ஆகாது என்று அதனை மட்டும் அவர் வாசலுக்கு உள்ளே விடுவதில்லை. எங்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டியிருந்ததில்லை. முறுக்குக் குழல் கடையும் ஓசை தெருவிற் கேட்டால் தீபாவளி அண்மையில் உள்ளதென்று அறிவோம். அது முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு மாதிரிகள். மார்கழியில் கரும்பாலைகளுக்கு வெல்ல அச்சுப் பலகைகள். தை பிறக்குமுன் சர்க்கரை அச்சுகள். இச்சர்க்கரை அச்சுகளைக் கன்னட நாட்டிலிருந்து வருவோர் மிகுதியாக வாங்குவர். அங்கே சங்கராந்தி நாளில் எள்ளும் வெல்லமும் சேர்ந்த கலவையோடு சர்க்கரைப் பொம்மைகளையும் வீடுதோறும் வழங்குவது மரபு. சிறுவர்களாகிய எங்கட்கு உப்புத்தாளால் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதுமே வேலை. பள்ளிக்கூடத்தில் எம் விரல்களை முகர்ந்தே எங்களை அடையாளம் கண்டவர்கள் உண்டு.

சிலையினும் அச்சு எளிதென்று பலர் எண்ணுகின்றனர். கண்காட்சி ஒன்றில் பெரியவர் ஒருவர் எம் சர்க்கரை அச்சைத் திருப்பிப் பார்த்து, "இது சிற்பம் அன்றே, வெறும் குழி" என்றார். அவர் கூறியதில் ஒருபாதி மெய். சிலையில் மேடாக நிற்பது அச்சிற் பள்ளமாக வேண்டும். வலப்பக்கம் பார்க்கும் மயில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். தச்சன் காண்பது மயில் அன்று, மயில் எழுந்து சென்ற இடம். அதுவேயன்றி, குழியின் சுவர் செங்குத்தாக நிற்றல் ஆகாது. வாய் அகன்றும் அடி குறுகியும் சற்றே சரிந்திருத்தல் வேண்டும். எங்கேனும் ஒருமயிர் அளவு உட்புறம் வளைந்து வெட்டிவிட்டால், வார்த்த சர்க்கரை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டு வெளிவர மறுக்கும். சிலையில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்கக் கலை அறிந்தவர் வேண்டும். அச்சின் பிழையைச் சர்க்கரையே காட்டிக்கொடுத்துவிடும்.

எமக்குப் பன்னிரண்டு வயதானபோது மீன் அச்சொன்று செதுக்கினோம். செதிலுக்குச் செதில் அழகாக இருந்ததென்று எமக்கு எண்ணம். பெரிய தந்தையார் நன்றென்றும் சொல்லவில்லை, தீதென்றும் சொல்லவில்லை. "உன் அம்மாவிடம் கொடு, தம்பி" என்றார். அன்னையார் இரு பாதிகளையும் நீரில் ஊறவைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, பாகு காய்ச்சி ஊற்றினார்கள். இறுகியபின் பிரித்தால் மீன் வந்தது, வால் வரவில்லை. வால் இன்னும் அக்கட்டையினுள்ளேதான் இருக்கின்றது. எறும்புகள் தின்றது போக எஞ்சியது. அக்கட்டையைப் பெரிய தந்தையார் எறியாமல் பட்டறையின் உத்திரத்தில் செருகி வைத்தார். புதிதாகத் தொழில் கற்க வருவோர்க்கு முதற்பாடம் அதுவே. எமக்கு அஃது எத்துணைப் பெருமை என்று சொல்ல வேண்டுவதில்லை.

அச்சு முறுக்கைப் பற்றி இக்கல்லூரியாருக்கு யாம் உரைப்பது மிகை. யாம் செய்வது அதற்குரிய மர மாதிரியே. வார்ப்புக்காரர் அதனை மண்ணில் அழுத்தி எடுத்து, அவ்விடத்திற் பித்தளையை உருக்கி ஊற்றுவர். அப்பித்தளை காய்ந்த எண்ணெயில் நின்று சூடேற வேண்டும். பின் மாவில் முக்கால் அளவே முழுக வேண்டும். முற்றும் முழுகினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலாது. சூடு போதாவிடில் ஒட்டாது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் கிறிஸ்துமஸுக்கு இவ்வாறே இரும்பு அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கின்றனர். ஜெர்மானியர் சோம்பு மணக்கும் ஸ்பிரிங்கர்லே பண்டத்தையும், நெதர்லாந்தினர் ஸ்பெகுலாஸ் என்பதனையும் செதுக்கிய மரப்பலகையில் அழுத்தி எடுப்பர். சப்பானியருக்கும் இனிப்புக்கென்று மர அச்சுகள் உண்டு. உலகெங்கும் விழா நாளில் உருவத்தைத் தின்பதில் மக்கட்கு ஓர் ஆசை போலும்!

எம் கருத்தில், இத்தொழிலை வளர்த்தவர் தச்சர் மட்டும் அல்லர். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் கொணர்ந்து விற்று, வீடு திரும்புமுன் எம் தாழ்வாரத்தில் அமரும் மலையாளிப் பெண்டிர் சிலர் உண்டு. வெள்ளிமலைப் பக்கத்து அம்மையார் ஒருவர், தாம் வாங்கிச் சென்ற இடியாப்ப உரலை மறு வாரமே திருப்பிக் கொணர்ந்தார். "அரிசி மாவுக்குச் சரி, ஐயா, எங்கள் சாமை மாவு இந்தத் துளையில் இறங்கவில்லை. கை ஓய்ந்துபோகிறது" என்றார். பெரிய தந்தையார் அன்றே அடித்தகட்டின் துளையைப் பெருக்கி, பிடியையும் நீளமாக்கினார். அன்றுமுதல் எம் பட்டறையில் மலை உரல், ஊர் உரல் என இருவகை உண்டு. எந்தக் கலைக்கழகமும் எமக்கு இதனைக் கற்பித்திராது.

நிற்க. இப்பொழுது வழக்கிற்கு வருவோம். எவர்சில்வர்க் குழலும் பிளாஸ்டிக் அச்சும் மலிந்தபின் எம் பட்டறையில் எழுவராக இருந்தோர் மூவராயினர். தொழில் கற்ற இளைஞர் இருவர் திருப்பூருக்குச் சென்றனர்; அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. இந்நிலையில் நகரத்து வணிகர் ஒருவர் 300 அச்சுகள் கேட்கின்றார். ஆனால் சமைப்பதற்கு அன்று. வார்னிஷ் பூசி வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு. விலையும் இருமடங்கு தருவதாகச் சொல்கின்றார். பெரிய தந்தையார் மறுத்துவிட்டார். "சுவரில் தொங்குவது அச்சா? அதற்கு வாலில்லாத மீனே போதுமே" என்பது அவர் மறுமொழி.

அவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. மாவும் பாகும் படாத அச்சைத் திருத்துவார் எவருமிலர். சரிவு இன்றி வெட்டினாலும் சுவர் ஒன்றும் சொல்லாது. பத்தாண்டு அவ்வாறு வெட்டிய கை, பிறகு சர்க்கரைக்கு வெட்ட அறியாது. ஆயினும், மறுப்பதனால் மட்டும் தொழில் நிற்குமா? பட்டறை மூடியபின் சரிவறிந்த கையும் வேறு வேலைக்கே போகும். ஆகவே அவ்வேலையை ஏற்கவேண்டும் என்பதே எம் துணிபு. ஆனால் வார்னிஷ் பூசலாகாது. 300 அச்சும் பாகு ஊற்றித் தேறியபின்னரே பட்டறையை விட்டு வெளியேற வேண்டும். வாங்குவோர் சுவரில் மாட்டுக. அவர் பேர்த்தி ஒருநாள் அதனைக் கழற்றி அடுப்படிக்குக் கொண்டு செல்வாளாயின் அஃது அவளை ஏமாற்றலாகாது. இந்நிபந்தனையை வணிகர் ஏற்காவிடின், அப்பொழுது மறுப்போம். இக்கல்லூரியிற் கற்று இன்று நல்ல நிலையில் இருப்போர் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தால், சிலையோடு ஓர் அச்சும் வாங்குக, வாங்குமுன் கடைக்காரரிடம், "இதில் மாவு கழலுமா?" என்று ஒருமுறை கேட்டுவிடுக. அக்கேள்வி பட்டறை வரைக்கும் வந்து சேரும்.

யாம் இதனைப் பெரிய தந்தையாரிடம் கூறியபோது அவர் ஆம் என்றும் சொல்லவில்லை. நெடுநேரம் உளி தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "வார்னிஷ் இல்லை என்று எழுதித் தருவானா?" என்று கேட்டார். வணிகர் எழுதித் தந்தார். இப்பொழுது முதல் இருபது அச்சுகள் முடிந்திருக்கின்றன; பதினெட்டில் மயில் முழுதாக வந்தது. மற்ற இரண்டும் கொண்டை ஒடிந்தமையால் மீண்டும் உளிக்குச் சென்றுள்ளன. அன்னையார் பாகு காய்ச்சிச் சலித்துப்போய், சர்க்கரைக்கும் வணிகரிடமே விலை வாங்கவேண்டும் என்கின்றார்கள்.